கட்டிலுக்கு இரண்டு தலைமாடு

எனக்கு நெஞ்செரிச்சல் விட்டுப்போன கதை இது. விட்டுப்போனது எங்கே போனது என்பதும் இதில்தான் வருகிறது.

ஐம்பத்தொன்றாம் வருஷம். திருவொற்றியூரில் ஓர் எண்ணெய் மில்லில் பாய்லருக்குக் கரி தள்ளிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்டு. பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குச் சங்கு ஊதும்போது வெளியே வருவேன். குடியிருந்தது ராயபுரத்தில், சிலுவையம்மாள் என்கிற விதவையின் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறை. ஒரு கயிற்றுக் கட்டில் போட்டால் மிச்ச இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம். இரண்டாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அறையின் நீளம் வடக்குத் தெற்கு. கட்டிலும் அப்படித்தான் கிடந்தாக வேண்டும். குறுக்கே போட்டால் கதவு திறக்காது.

அந்தக் கட்டிலில் எனக்குப் பாதி. நேரத்தில் பாதி. பகலில் நான் படுப்பேன், இரவில் காஜா மொய்தீன் படுப்பான். மில் ஆட்களும் ஆர்பரில் கப்பல் வேலை பார்க்கும் ஆட்களும் அந்தச் சந்தில் நிறையப் பேர் இப்படித்தான் கட்டிலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழும்போது கயிறு சூடாக இருக்கும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அவன் வந்துவிடுவான். காலையில் அவனுடைய சூட்டில் நான் படுப்பேன்.

நான் தெற்கே தலை வைப்பேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வடக்கே தலை வைத்துக் கிடப்பது பிணம் மட்டும். காஜா வடக்கே தலை வைத்து, வலப்பக்கமாகச் சாய்ந்து, முகம் மேற்கே பார்க்கப் படுப்பான். அவன் வாப்பா சொல்லிக்கொடுத்தது. கபர்க்குழியிலும் அப்படித்தான் வைப்பார்கள், இப்போதே பழகிக்கொண்டால் நல்லது என்பான். வந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

"உன் தல கீற எடத்துல என் காலு, என் தல கீற எடத்துல உன் காலு. சண்ட வந்தா ஒதைச்சிக்கினே தூங்கலாம் மாமு" என்றான்.

சண்டை வரவில்லை. சண்டை போட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது.

காஜாவின் வேலை குரல். கப்பலின் மேல்தட்டில், அடிக்கிடங்கின் திறப்புக்கு ஓரமாக நின்றுகொண்டிருப்பான். கீழே ஆட்கள் தானிய மூட்டைகளை வலையில் அடுக்குவார்கள். சுமை தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. காஜா சத்தம் போட்டால் தூக்குவான், இறக்குவான், நிறுத்துவான். தூக்கும்போது வலை திறப்பின் விளிம்பில் மாட்டிக்கொள்வது உண்டு. அந்த நொடியில் 'நிறுத்து' என்ற சொல் வின்சுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வலை கிழிந்து பன்னிரண்டு மூட்டையும் கீழே நிற்பவன் மேல் விழும். கையைக் காட்டினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். வின்சிலிருந்து வரும் ஆவியில் கை எங்கே தெரியும் என்றான்.

நல்ல குரல். அடித்தொண்டையிலிருந்து வராது, வயிற்றிலிருந்து வரும். கீழ்க்காற்று அடிக்கிற நாட்களில், பகல் தூக்கத்தின் நடுவே, ஆர்பரிலிருந்து அது எனக்குக் கேட்கும். கேட்டதாக நினைத்துக்கொண்டேனோ என்னவோ. 'நிறுத்து' என்பான். நான் புரண்டு படுப்பேன்.

எனக்குக் குரல் இல்லை. மூன்று வருஷமாகக் கரகரப்பு. கரித்தூள் தொண்டையில் இறங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

காலையில் ஷிப்டு முடிந்ததும் மெஸ்ஸில் உட்காருவேன். வயிறு முட்டச் சோறு, கருவாட்டுக் குழம்பு, மேலே ஒரு டம்ளர் டீ, வாயில் புகையிலை. ஏழு மணிக்குக் கட்டிலில் விழுந்துவிடுவேன். பத்து மணிக்கு நெஞ்சுக்குழியில் தீ பிடிக்கும். பதினொன்றுக்குப் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறி மூச்சை அடைக்கும். எழுந்து உட்கார்ந்து, தாளில் மடித்து வைத்த சோடா உப்பை நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிப்பேன். பெரிதாக ஓர் ஏப்பம். அரைமணி நேரம் நிம்மதி. பிறகு மறுபடியும்.

இதோடு கனவு ஒன்றும் வரும். என் தலைமாட்டில் ஓர் ஆள் நிற்பான். முகம் தெரியாது. கையில் கெட்டில். கைப்பிடி சுடாமல் இருக்க அதில் துணி சுற்றியிருக்கும். அவசரப்படமாட்டான். குனிந்து, கெட்டிலின் மூக்கை என் வாயில் வைத்து, ஊற்றுவான். நான் வாயை மூடப் பார்ப்பேன். மூட வராது. உச்சி வெயில் நேரம். ஆர்பரில் சாப்பாட்டு மணி அடித்து எல்லா வின்சும் நின்றிருக்கும். அந்த அமைதியில் கெட்டிலின் மூடி ஆடும் சத்தம் மட்டும் கேட்கும். இந்தக் கனவை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாய்லருக்கு முன்னால் நிற்பவன் கனவைச் சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள்.

வேலை போகிற நிலைமை வந்துதான் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு இரவு கரி வாரக் குனிந்தவன் அப்படியே மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வரிசை வாசல் வரைக்கும் நின்றது. கம்பவுண்டர் வேதமாணிக்கம் தூத்துக்குடி ஆள், என்னைவிட இளையவன். மருந்துக் குப்பிகளைக் கழுவிக்கொண்டே என்னை விசாரித்தான். சோடா உப்புப் பொட்டலத்தைப் பார்த்ததும் வாங்கிச் சாக்கடையில் கொட்டினான்.

"வயிறு ஒரு பானைவே. பானைய நிறைச்சிட்டு உடனே சாய்ச்சா கொட்டத்தான செய்யும்? இதுக்கு மருந்து எதுக்கு?"

அவனுக்கும் இந்த வியாதி இருந்ததாம். எதை எதை விட்டான், எப்படிப் படுத்தான் என்று சொன்னான். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னால் வாயைக் கட்டு. பெரிய சாப்பாட்டைச் சாயங்காலமே முடித்துவிடு, வேலைக்குப் போகிறபோது அது பாதி செரித்திருக்கும். காரம், புளி, பொரித்த கருவாடு, வெறும் வயிற்றில் டீ, புகையிலை எல்லாவற்றையும் நிறுத்து. இடுப்பில் கயிற்றை இறுக்கிக் கட்டாதே. இடப்பக்கம் சாய்ந்து படு. கடைசியாக, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வை. தலையணையை உயரமாக வைத்தால் கழுத்துதான் மடங்கும். கட்டிலே சரிய வேண்டும்.

"கட்டில்ல நீரு மட்டுந்தான?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். கட்டிலில் பாதிதான் எனக்கு என்று சொல்ல ஒரு கூச்சம். தவிர, நான் படுக்கும்போது நான் மட்டும்தானே.

இடிந்த சுவர் ஒன்றிலிருந்து நான்கு செங்கல் எடுத்து வந்தேன். தெற்குப் பக்கத்து இரண்டு கால்களுக்கும் இரண்டிரண்டு. முதல் நாட்களில் காலையில் வைத்து, சாயங்காலம் எடுத்து மூலையில் அடுக்கினேன். தனியாகக் கட்டிலைத் தூக்கிச் செங்கலைத் தள்ளுவது சிரமம். ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே விட்டுப் போனேன். காஜா ஒன்றும் சொல்லவில்லை. வேலை முடிந்து வருகிறவன் இருட்டில் கால் கழுவிவிட்டு விழுகிறான், அவனுக்கு என்ன தெரியும். மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாள் என் தகரப் பெட்டியைத் தள்ளி அந்தக் கால்களுக்கு முன்னால் வைத்தேன். பெட்டி எங்காவது இருக்க வேண்டும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்துக்குச் சோறு, பூசணிக்காய்க் கூட்டு, மோர். இரவு ஒரு மணிக்குப் பாய்லர் ஓரத்தில் கேழ்வரகுக் கூழ். காலையில் ஒரு வாழைப்பழம், சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பிறகு கடலோரமாகக் காசிமேடு வரைக்கும் நடந்து திரும்பி, ஒன்பது மணிக்குப் படுக்கை. முதல் வாரம் நரகம். புகையிலை இல்லாமல் தலை வெடித்தது. கருவாட்டு வாசனைக்கு வாயில் எச்சில் ஊறி அதுவே புளித்தது. இரண்டாம் வாரம் தீ பாதியாகக் குறைந்தது. நான்காம் வாரம், ஒன்பதுக்குப் படுத்தவன் மூன்றரைக்கு விழித்தேன். மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஒரே தூக்கம். எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். யாராவது அடித்துப்போட்டு விட்டார்களோ என்றிருந்தது.

கெட்டில்காரன் கடைசியாக வந்தது அந்த வாரம்தான். வழக்கம்போலத் தலைமாட்டில் நின்றான். குனிந்தான். கெட்டிலின் மூக்கு என் வாய்க்கு எட்டவில்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்தான். பிறகு நிமிர்ந்து, கட்டிலைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக நடந்து, வடக்குப் பக்கம் போய் நின்றான். அங்கே என் கால்கள்தான் இருந்தன. அவற்றை அவன் பார்க்கவில்லை. கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தான், யாருக்காகவோ காத்திருப்பதுபோல.

விழித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கனவை விடுங்கள். கணக்குத் தெரிந்தவனுக்குக் கனவு வேண்டாம். தெற்கே உயர்ந்தால் வடக்கே தாழ்கிறது. காஜாவின் தலை வடக்கே.

செங்கலை எடுக்கவில்லை.

ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம். மூன்று வருஷம் தூங்காதவன், தூக்கம் கிடைத்தால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நியாயம் பேசமாட்டான்.

காஜா முதலில் சொன்னது கட்டிலைப் பற்றி. படுத்தால் தலை வடக்குச் சுவரில் போய் முட்டுகிறதாம். கயிறு தொய்ந்துவிட்டது என்று அவனே முடிவு செய்து, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத் தொழுகை முடித்து வந்து, கட்டில் முழுவதும் கயிற்றை இழுத்து இறுக்கினான். உட்கார்ந்தபடி இறுக்கினான், பெட்டியை நகர்த்தவில்லை. நான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் சாயங்காலங்களில் நெஞ்சைத் தடவிக்கொள்ள ஆரம்பித்தான். தொழும்போது நெற்றியைத் தரையில் வைத்தால் தொண்டை வரைக்கும் தீயாக ஏறுகிறது என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது, தொழுகையைக் குறை சொல்கிறமாதிரி ஆகிவிடுமோ என்று. அவன் கடைசித் தொழுகை முடித்து, மஜீது கடையில் கறிச்சோறு தின்றுவிட்டு நேரே வந்து படுப்பவன். நான் கம்பவுண்டர் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். சாப்பாட்டைச் சீக்கிரம் முடி, கொழுப்பை விடு, டீயை விடு, காரத்தைக் குறை, சீரகத் தண்ணீர் குடி. எல்லாம் சொன்னேன். செங்கலைச் சொல்லவில்லை. இடப்பக்கம் படு என்று மட்டும் சொன்னேன். அது முடியாது என்றான். இடப்பக்கம் திரும்பினால் மேற்குக்கு முதுகு காட்டவேண்டியிருக்கும்.

அவன் என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தான். மஜீது கடையில் கறியை ஒதுக்கி, வெறும் கஞ்சி வாங்கிக் குடித்தான். கடைக்காரர்கள் கேலி செய்தார்கள், பிள்ளைத்தாய்ச்சிபோலத் தின்கிறான் என்று. ஆறே வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது. எரிச்சல் குறையவே இல்லை. எப்படிக் குறையும்.

குரலும் போக ஆரம்பித்தது. முதலில் கரகரப்பு, பிறகு நடுநடுவே காற்று. பகலில் எனக்குக் கேட்கிற 'நிறுத்து' கேட்காமல் போனது. காற்று திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஐப்பசி மாதம், கீழ்க்காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

என் குரல் தெளிந்துவந்தது. இடையில் ஒருநாள் சிலுவையம்மாளிடம் தண்ணீர் கேட்டேன். கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் காஜா வாசற்படியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காதபடி பேசினான். அதற்குமேல் பேச அவனால் முடியவும் இல்லை.

"மாமு, சொன்னா சிரிப்பே. ராவுல ஒர்த்தன் வர்றான். தலமாட்டுல நிக்கிறான். கையில கெண்டி மாரி ஒண்ணு. வாயில ஊத்துறான்."

நான் கெட்டில் என்பதை, அவன் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கிற கெண்டி என்றான். பாத்திரத்தின் பேர் மட்டும்தான் வேறு.

"கைப்பிடியில?" என்று கேட்டேன்.

"துணி சுத்தி கீது." அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஒனக்கு எப்டித் தெரியும்?"

சுடுமே, அதனால் சுற்றியிருப்பான் என்று நினைத்தேன் என்றேன். அவன் தலையாட்டினான். மேற்குச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த ஒரு கறை உண்டு. தெற்கே தலை வைத்து இடப்பக்கம் சாய்ந்தாலும், வடக்கே தலை வைத்து வலப்பக்கம் சாய்ந்தாலும், தூங்குவதற்கு முன்னால் கடைசியாகக் கண்ணில் படுவது அதுதான். மூக்கு வைத்த பாத்திரம் மாதிரி இருக்கும். இரண்டு பேருக்கும் அதுவே கனவில் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொண்டேன். கறைக்குக் கைப்பிடி கிடையாது.

மறுநாள் காலை நான் நடக்கப் போகாமல் நேரே வந்தேன், அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குரல் இருக்கிறதா என்று வாசலில் நின்று சோதித்துப் பார்த்தான். 'நி' என்பது வந்தது. மிச்சம் வரவில்லை. இன்றைக்கு லீவு போடு என்றேன். ரெண்டு நாளாகவே இக்னேஷியஸ் சந்தேகமாகப் பார்க்கிறான், லீவு போட்டால் வேறு ஆளை நிறுத்திவிடுவான் என்றான். இக்னேஷியஸ் அந்தக் கேங்குக்கு மேஸ்திரி. வாசல் வரைக்கும் போனவனை நான் கூப்பிட்டிருக்கலாம். செங்கல் என்று ஒரே சொல். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். கனவு எதுவும் இல்லை.

"நிறுத்து!"

அது என் வாயிலிருந்து வந்தது. அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன். எழுந்து உட்கார்ந்திருந்தேன். அறையின் ஓடு அதிர்ந்து நின்றதுபோல ஒரு கூச்சல் காதில் மிச்சமிருந்தது. வயிற்றிலிருந்து வந்த குரல். கதவை யாரோ தட்டினார்கள். சிலுவையம்மாள். கையில் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"காஜா இன்னிக்கு வேலைக்குப் போவலயா?" என்றாள். அறையில் நான் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மாதா கோயில் மணி பதினொன்று அடித்து ஓய்ந்தது.

ஒரு மணிக்குக் காஜா வந்தான். அவனைக் கைத்தாங்கலாக இக்னேஷியஸ் கூட்டிவந்து வாசலில் விட்டான். அடிபடவில்லை, நடக்கத்தான் முடியவில்லை. இக்னேஷியஸின் தலையிலும் புருவத்திலும், மூட்டையிலிருந்த மைலோச் சோளத்தின் மாவு. நடந்ததைச் சொன்னான். வலை விளிம்பில் மாட்டியது. கீழேயிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தானாம்.

"வாயத் தொறந்துகினு நிக்கிறாம்பா. நரம்பு பொடைச்சிகினு கீது. சத்தம் இல்ல. ஒண்ணுமே இல்ல."

இக்னேஷியஸுக்குத் தாகம் எடுத்து, ஓரத்தில் இருந்த பானைக்கு இரண்டடி போயிருந்தான். அந்த இரண்டடிதான். மூட்டைகள் அவன் நின்ற இடத்தில் விழுந்து வெடித்தன. மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். பதினொன்று என்றான். இனிமேல் காஜாவை மேல்தட்டில் நிறுத்த முடியாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டுப் போனான். காஜா அதற்குத் தலையாட்டினான்.

பட்டப்பகலில் அவன் அந்த அறையைப் பார்ப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கதவு திறந்திருந்தது, வெளிச்சம் கட்டில் மேல் விழுந்திருந்தது. அவன் நின்றபடியே கட்டிலைத் தெற்கிலிருந்து வடக்குவரை பார்த்தான். ஒருமுறை வடக்கிலிருந்து தெற்குவரை பார்த்தான். பிறகு குனிந்து என் தகரப் பெட்டியை இழுத்தான்.

நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

"எம்மா நாளா?" காற்றுதான் வந்தது.

"ரெண்டரை மாசம்."

"தெரிஞ்சிகினேவா?"

"மொதல்ல தெரியாது. அப்புறம் தெரியும்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். "ஒரு வார்த்த சொல்லிகீலாமே. நான் திரும்பிப் படுத்திருப்பேனே" என்றான்.

"படுத்திருக்க மாட்டே பாய்."

யோசித்துப் பார்த்தான். "ஆமா. மாட்டேன்." பிறகு, "நீயும் மாட்டே" என்றான்.

அதுதான் உண்மை. தெற்கே தலை வைத்து இடப்பக்கம் சாய்ந்தாலும் முகம் மேற்கேதான் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வடக்கே தலை வைத்தால் செத்துப்போவேன் என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை. பழக்கம். நான்கு செங்கலையும் அவனுக்கு எதிரிலேயே உருவி எடுத்து வெளியே போட்டேன். அவன் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டுவதற்குக் குரல் வேண்டும்.

வேதமாணிக்கத்திடம் அவனைக் கூட்டிப் போனேன். டாக்டரிடம் சொல்லித் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்க்கவைத்தான். உள்ளே வெந்திருக்கிறது, ஆறும், குரல் வருமா என்பது தெரியாது என்றார்கள். எரிச்சல் ஒரு மாதத்தில் நின்றது. குரல் வரவில்லை.

இக்னேஷியஸ் காஜாவின் கூலியில் மிச்சத்தைக் கொடுக்க ஒருநாள் வந்தான். வாசலில் நின்று யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். உள்ளேயிருந்து நான்தான் என்றேன்.

"காஜா! வந்துட்சா கொரலு?" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தான். காஜா மூலையில் வாயை மூடி உட்கார்ந்திருந்தான். இக்னேஷியஸ் அவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபடியும் ஏதாவது பேசச் சொன்னான். பேசினேன். அவன் கையில் மயிர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன்.

அந்த மாதமே நான் மில்லை விட்டேன். இரவு வேலையை விட்டவன் என்று மில்லில் என்னை ஏளனமாகச் சொன்னார்கள், பாய்லர் சூடு தாங்காதவன் என்று. பாய்லருக்குக் குரல் வேண்டாம். என் இடத்தில் காஜா கரி தள்ளப் போனான். அவன் இடத்தில் நான் கப்பலின் மேல்தட்டில் நின்றேன். இதை யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. இரண்டு பேருமே சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது. முதல் நாள் நான் 'தூக்கு' என்று சத்தம் போட்டபோது அடிக்கிடங்கில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். காஜாவைத் தேடினார்கள். அந்தக் குரல் என் தொண்டையில் உருவாவதில்லை. நான் வாயைத் திறந்தால் போதும், அது வந்துவிடுகிறது. சில சமயம் வலை மாட்டுவதற்கு முன்னாலேயே 'நிறுத்து' வந்துவிடும். அப்போது விளிம்பைப் பார்ப்பேன். மாட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது பகலில் காஜா படுக்கிறான், இரவில் நான். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கட்டில் சரிந்திருந்தது. வெளியே கிடந்த நான்கு செங்கலும் வடக்குப் பக்கத்துக் கால்களுக்கு அடியில். பெட்டியை வைத்து அவன் மறைக்கவில்லை. அவன் வாசலில் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன் என்று பார்க்க நின்றான் என்று நினைக்கிறேன்.

தெற்கே தலை வைத்தால் கெட்டில். மறுநாள் குரல் போகும், கீழே ஆட்கள் நிற்பார்கள். செங்கலைத் தெற்கே மாற்றினால் மறுபடியும் அவனுக்கு. வேறு வழி ஒன்றுதான் இருந்தது.

என் தலையணையை எடுத்து வடக்கே போட்டேன். அவன் தலை அழுத்திக் குழிந்த இடத்தில் என் தலையை வைத்து, வலப்பக்கம் சாய்ந்து, மேற்குச் சுவரைப் பார்த்துப் படுத்தேன். பிணம் மாதிரித்தான் கிடந்தேன். அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். வேதமாணிக்கம் சொன்ன இடப்பக்கம் போய்விட்டது. ஆனாலும் எரிச்சல் வரவில்லை. நல்ல தூக்கம். எவனும் தலைமாட்டுக்கு வரவில்லை.

எங்கள் இரண்டு பேருடைய தலையும் இப்போது வடக்கே, உயரமான பக்கத்தில். சாயங்காலமே சாப்பிடுகிறேன், கூட்டும் மோரும். புகையிலை இல்லை. டீ ஒரு வேளை. அவனும் அப்படித்தான். தாழ்ந்த தெற்குப் பக்கம் காலி. அங்கே எங்கள் கால்கள் மட்டும்.

காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் பாதம் சுடுகிறது. யாரோ வெந்நீர் ஊற்றியதுபோல இரண்டு உள்ளங்காலும் சிவந்திருக்கின்றன. மேல்தட்டின் இரும்பு வெயிலில் காய்கிறது, அதனால் இருக்கலாம். ஆனால் காஜா மில்லில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பவன். சாயங்காலம் நான் வரும்போது அவன் கட்டிலைவிட்டு இறங்குவதைப் பார்க்கிறேன். ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடியும் மெதுவாக வைக்கிறான், சுடுமணலில் நடக்கிறவன்போல.

நான் அவனிடம் கேட்கவில்லை. அவனும் என்னிடம் கேட்கவில்லை.